பொருளாதாரம் சரிந்தால் பழைய கார்களின் விலையும் சரியுமா?

எல்லா இடத்திலும் அப்படி நடப்பதில்லை. 1980களின் கடைசியில் லாபத்துக்காகவே வாங்கிக் குவித்த ஃபெராரிகளின் விலை, அடுத்து வந்த மந்தத்தில் மளமளவென்று விழுந்தது உண்மைதான். ஆனால் இலங்கையில் கதை வேறு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதும், ஓடுகிற எந்தக் காருக்கும் கிராக்கி வந்துவிட்டது. மொரிஸ் மைனர், ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் போன்ற பழைய இங்கிலாந்துக் கார்களை வைத்திருந்தவர்கள் விலை சரிவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை.

அடி விழுந்தது பராமரிப்பில். 2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360க்குத் தாவியது. இங்கிலாந்திலிருந்து வரவேண்டிய உதிரிப்பாகங்கள் கைக்கெட்டாமல் போயின. பெட்ரோல் லீற்றர் 470 ரூபாய் வரை போனது; அதுவும் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர்தான். வேலைக்குப் போகவே அது பத்தவில்லை, அப்புறம் ஞாயிற்றுக்கிழமை உலாவுக்கு எங்கே போவது?

நிறுத்தி வைத்தால் செலவு மிச்சம் என்று நினைக்கிறோம். அங்கேதான் ஆபத்து. பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும். அதனால் சக்கரத்தில் பிரேக்கை இயக்கும் வீல் சிலிண்டருக்குள் துரு பிடித்து பிஸ்டன் இறுகிவிடும். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரில் தேங்கிய பெட்ரோல் பிசினாகி, அதிலுள்ள ஜெட் என்ற சிறு துளையை அடைக்கும். பெயின்ட், குரோம் வேலையைத் தாராளமாகத் தள்ளிப்போடுங்கள். பிரேக்கைத் தள்ளிப்போடாதீர்கள். மாதம் ஓரிரு முறையாவது எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டுங்கள்.

எனக்குப் பெரிய கவலை மெக்கானிக்குகள்தான். கார்புரேட்டரைக் காதால் கேட்டே சரிசெய்கிற கைகள், வருமானமில்லாமல் வேறு தொழிலுக்குப் போனால் திரும்பி வருவது அபூர்வம். சின்ன வேலையாக இருந்தாலும் அவர்களிடமே கொடுங்கள்.