இன்டர்கூலர் ஹோஸில் எண்ணெய்: டர்போதான் போய்விட்டதா?

கேள்வி (நாமக்கல் வாசகர்): என்னுடையது 2016 மாடல், 1.3 லிட்டர் டீசல் கார். 1,12,000 கி.மீ. ஓடியிருக்கிறது. சர்வீஸுக்கு விட்ட இடத்தில் இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றிக் காட்டி, "உள்ளே எண்ணெய் வழிகிறது, டர்போ போய்விட்டது, மாற்ற 42,000 ரூபாய் ஆகும்" என்றார்கள். இழுவையில் குறை இல்லை, புகையும் தெரியவில்லை. வாரம் ஒருமுறை கொல்லிமலை ஏறி இறங்குகிறேன். மாற்றித்தான் ஆக வேண்டுமா? ஆயில் கேட்ச் கேன் (எண்ணெயைப் பிடித்து வைக்கும் டப்பா) மாட்டினால் சரியாகிவிடுமா?

பதில்: அந்த 42,000 ரூபாய் இப்போதைக்கு உங்களிடமே இருக்கட்டும். டர்போ என்பது புகைபோக்கி வாயுவின் வேகத்தில் சுழலும் விசிறியால் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்புவது; சூடான அந்தக் காற்றை வழியில் குளிர்விப்பது இன்டர்கூலர். ஹோஸுக்குள் எண்ணெய் இருப்பதை மட்டும் வைத்து டர்போ போய்விட்டது என்று சொல்ல முடியாது. லட்சம் கிலோமீட்டர் ஓடிய டர்போ டீசல் கார் எதுவாக இருந்தாலும் அந்த ஹோஸைக் கழற்றினால் விரலில் கறுப்பாக ஒட்டும். ஒட்டாமல் பளிச்சென்று இருந்தால்தான், யாரோ சமீபத்தில் துடைத்திருக்கிறார்கள் என்று நான் சந்தேகப்படுவேன்.

அந்த எண்ணெய் வர இரண்டு வழி உண்டு. முதல் வழியில் டர்போவுக்குச் சம்பந்தமே இல்லை. பிஸ்டன் ரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும், சிலிண்டரில் எரியும் வாயுவில் கொஞ்சம் கீழே சம்ப் (எஞ்சின் ஆயில் தேங்கும் அடித்தொட்டி) பக்கம் கசியத்தான் செய்யும். பட்டறையில் 'கேஸ் தள்ளுது' என்பார்களே, அதுதான். அதை உள்ளேயே அடைத்து வைத்தால் அழுத்தம் ஏறி ஆயில் சீல்களைப் பிதுக்கிவிடும். காற்றில் திறந்துவிட மாசு விதிகள் இடம் தராது. அதனால் எஞ்சினின் மேல்மூடியான டப்பெட் கவரிலிருந்து ஒரு பிரீதர் பைப் போட்டு, ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள குழாயில் சேர்த்திருப்பார்கள். வாயுவோடு எண்ணெயும் பனிமூட்டம் போல வரும். வழியில் உள்ள பிரிப்பான் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். மிச்சம் டர்போவுக்குள் புகுந்து வெளியேறி, இன்டர்கூலரின் குளிர்ந்த அலுமினியத்தில் பட்டுத் துளியாகிவிடும், ரசச் சட்டியின் மூடியில் நீர் கோப்பதைப் போல. பெரும்பாலான கார்களில் இன்டர்கூலர் தாழ்வாக இருப்பதால் எல்லாம் அங்கேயே தேங்கும்.

இரண்டாவது வழி டர்போவின் தண்டு. உங்கள் காரில் இருக்கும் அளவுள்ள சின்ன டர்போக்கள் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுகளைத் தாண்டிச் சுழலும். அந்த வேகத்துக்கு ரப்பர் சீல் தாங்காது. பிஸ்டன் ரிங் போன்ற ஒரு மெல்லிய உலோக வளையமும், வெளியே காற்றழுத்தம் உள்ளே எண்ணெய் அழுத்தத்தைவிடக் கூடுதலாக இருப்பதும்தான் எண்ணெயைத் தடுக்கின்றன. அந்த அழுத்தக் கணக்கு தவறினால், துளி தேய்மானமும் இல்லாத டர்போகூட எண்ணெயைத் தள்ளும். பலரும் தடுக்கி விழுவது இங்கேதான்.

எனவே, எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்பதைவிட, அது எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வண்டி நன்றாக ஆறியதும், கொஞ்சம் பனியன் வேஸ்ட் எடுத்துக்கொண்டு ஏர் ஃபில்டர் பக்கமிருந்து ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றித் துடைத்துக்கொண்டே வாருங்கள். ஃபில்டரிலிருந்து பிரீதர் பைப் சேரும் இடம் வரை உலர்ந்திருக்க வேண்டும். அந்தச் சேர்க்கைக்குப் பிறகு டர்போவின் வாய் வரை ஈரமாக இருந்தால், எண்ணெய் பிரீதரில்தான் வருகிறது. டர்போவின் வாய் காய்ந்திருந்து, அதிலிருந்து வெளியேறும் குழாய் மட்டும் நனைந்திருந்தால் டர்போவைச் சந்தேகிக்கலாம். தண்டின் சீல் விசிறிக்குப் பின்புறம் இருக்கிறது. அங்கே கசிவது வெளியேறும் பக்கத்தில்தான் தெரியும்.

இரண்டும் நனைந்திருந்தால்? அதுதான் வழக்கமாக நடப்பது. அப்போது இன்டர்கூலரையும் ஹோஸ்களையும் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிவிட்டு ஒரு சோதனை செய்யலாம். பிரீதர் பைப்பைக் காற்றுக் குழாயிலிருந்து பிரித்து, குழாயில் இருக்கும் அந்தத் துளையை மூடியால் இறுக்கி அடையுங்கள். திறந்து கிடந்தால் வடிகட்டாத தூசி நேராக டர்போவுக்குள் போகும். பிரீதரின் முனையை ஒரு பாட்டிலுக்குள் விட்டு, சைலன்சர் சூடு படாத இடத்தில் கட்டிவையுங்கள். பாட்டிலின் வாயை மூடிவிடாதீர்கள், வாயு வெளியேற வழி வேண்டும். இப்படி 200, 300 கி.மீ. ஓட்டிவிட்டுப் பாருங்கள். பாட்டிலில் எண்ணெய் சேர்ந்து ஹோஸ் காய்ந்திருந்தால் டர்போ தப்பித்தது. பாட்டில் காலியாக இருந்து ஹோஸ் மறுபடி நனைந்திருந்தால் உங்கள் மெக்கானிக் சொன்னதில் விஷயம் இருக்கிறது. இது சோதனைக்கு மட்டும்தான். முடிந்ததும் பைப்பைப் பழையபடி மாட்டிவிடுங்கள்.

கழற்றியது கழற்றியபடி இருக்கும்போதே, டர்போ விசிறியின் நடு நட்டைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கும், பயப்பட வேண்டாம். தண்டு எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும்படி செய்யப்பட்டது. எஞ்சின் நின்றிருக்கும்போது அந்த இடைவெளி கைக்குத் தெரியத்தான் செய்யும். முன்னும் பின்னும் இழுத்தால் மட்டும் கைக்குத் தெரியும்படி அசையக் கூடாது. அசைத்துக்கொண்டே சுற்றும்போது விசிறி இதழ் அதைச் சுற்றியுள்ள கூட்டில் உரசினாலோ, உள்சுவரில் புதிய கீறல் தெரிந்தாலோ டர்போ கோரை (தண்டும் விசிறியும் உள்ள நடுப்பகுதி) மாற்ற வேண்டியதுதான்.

டர்போதான் கசிகிறது என்று தெரிந்தாலும், உடனே புதியது வாங்காதீர்கள். ஒருமுறை ஒரு வாடகைக் கார் என்னிடம் வந்தது. வேறொரு பட்டறையில் ஒரே வருடத்தில் இரண்டு டர்போ மாற்றியிருந்தார்கள், இரண்டும் எண்ணெய் கக்கின. டர்போவிலிருந்து சம்புக்கு இறங்கும் ரிட்டர்ன் பைப்பைக் கழற்றினேன். பைப்பை போல்ட் போட்டு இறுக்கும் பிளாஞ்சில் காஸ்கெட் பேஸ்டைத் தாராளமாகப் பூசி இறுக்கியிருந்ததால், அது உள்பக்கம் பிதுங்கி, ரப்பர் நாக்கு போலத் தொங்கிப் பாதித் துளையை அடைத்திருந்தது. அந்தப் பைப்பில் எண்ணெய் அழுத்தத்தால் போவதில்லை. நுரையோடு தானாக வழிந்து இறங்குகிறது. எண்ணெய் வரும் குழாய் ஒல்லியாகவும் திரும்பும் குழாய் கட்டைவிரல் தடிமனிலும் இருப்பது அதனால்தான். இறங்க வழியில்லாவிட்டால் சீலைத் தாண்டி விசிறிப் பக்கம் போகாமல் என்ன செய்யும்? பேஸ்டைச் சுரண்டி, சரியான காஸ்கெட் போட்டதும் நின்றுவிட்டது. இரண்டு டர்போவுக்கும் கொடுத்த காசை நினைத்து அந்த ஓட்டுநர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

இதே விளைவைத் தரும் வேறு காரணங்களும் உண்டு. ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றியிருப்பது முதலில் பார்க்க வேண்டியது; 'கொஞ்சம் கூட இருக்கட்டும்' என்று ஊற்றுகிற கை நம் ஊரில் அதிகம். அடுத்தது தூசி அடைத்த ஏர் ஃபில்டர். அது டர்போவின் வாயில் உறிஞ்சலைக் கூட்டி, சீலைத் தாண்டி எண்ணெயை இழுக்கும். ஏ.சி. போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் நிழலில் நின்று ஓடும் வண்டிகளிலும் இப்படி ஆகும். மூன்றாவது, ரிங் தேய்ந்து கேஸ் அதிகம் தள்ளுவது. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகாமல் துளை மேல் சும்மா வைத்துப் பாருங்கள். லேசாகத் துடித்தால் பரவாயில்லை. தூக்கி எறிந்தால், ஒன்று பிரீதர் அடைத்திருக்கிறது, இல்லை ரிங் தேய்ந்திருக்கிறது. இது நாட்டு வைத்தியம் மாதிரியான சோதனைதான். சந்தேகம் வந்தால் கம்ப்ரெஷன் டெஸ்ட் (சிலிண்டரின் அழுத்தத்தை அளப்பது) எடுத்துவிடுங்கள்.

கொல்லிமலை பற்றிச் சொன்னீர்கள். 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாம் கியரில் ஏறி முடித்ததும் சாவியைத் திருப்பி உடனே அணைத்தால், நெருப்பாக இருக்கும் தண்டின் மேல் எண்ணெய் ஓட்டம் நின்று, இருக்கும் எண்ணெய் கரியாகப் படியும். மேலே போனதும் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள்.

எவ்வளவு எண்ணெய் இருந்தால் கவலைப்படலாம்? என் கணக்கில், உங்கள் கிலோமீட்டருக்கு இன்டர்கூலரின் அடியில் ஓரிரு ஸ்பூன் தேங்கியிருந்தால் துடைத்துவிட்டுப் போகலாம். சாய்த்தால் அரை டம்ளர் கொட்டினால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். அதைவிட நம்பகமான சாட்சி டிப்ஸ்டிக். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, ஒரே இடத்தில் 1,000 கி.மீ.க்கு ஒருமுறை பார்த்துக் குறித்து வையுங்கள். மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையே பெரும்பாலான கார்களில் ஏறத்தாழ ஒரு லிட்டர். இரண்டு சர்வீஸுக்கு நடுவே மட்டம் கால்வாசிகூட இறங்கவில்லை என்றால் டர்போவைத் தொட வேண்டாம்.

ஒன்றை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். டீசல் எஞ்சினுக்கு எஞ்சின் ஆயிலும் எரிபொருள்தான். இன்டர்கூலரில் நிறையத் தேங்கி, அழுத்தி மிதிக்கும்போது மொத்தமாக உள்ளே போனால், சாவியை அணைத்தாலும் எஞ்சின் நிற்காமல் தானாகவே வேகமெடுத்து அலறும். பின்னால் வெள்ளையும் நீலமுமாகப் புகை மண்டும். அப்படி நடந்தால் டாப் கியரில் போட்டு, பிரேக்கை முழுதாக அழுத்தி, கிளட்சைச் சட்டென்று விட்டு எஞ்சினைத் திணற வைத்து நிறுத்த வேண்டும். பானெட்டைத் திறந்து கையால் காற்றுக் குழாயை அடைக்கப் போகாதீர்கள். நீலப் புகையும், வாரா வாரம் இறங்கும் ஆயிலும் சேர்ந்து தெரிந்தால், வண்டியை ஓட்டாமல் பட்டறைக்குக் கட்டி இழுத்துப் போவதுதான் நல்லது.

சுத்தம் செய்யும்போது இன்டர்கூலரை டீசலில் அலசுகிறவர்களிடம், ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வடித்து உலர்த்திவிட்டு மாட்டச் சொல்லுங்கள். காரணம் மேலே சொன்னதுதான். ஹோஸ் முனைகளில் உள்ள ஓ-ரிங்கையும் அப்படியே பாருங்கள். வெளிப்பக்கம் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருக்கும் இணைப்பில் காற்றும் கசிகிறது என்று அர்த்தம். சில நூறு ரூபாய் ரிங்கில் தீரும் வேலை அது.

கேட்ச் கேன் மாட்டலாம். பிரீதரில் வரும் எண்ணெயை அது பிடிக்கும், டர்போ சீலில் கசிவதைப் பிடிக்காது. பிடித்தது தானாக எங்கும் போகாது. நிரம்பியதும் மறுபடி காற்றுக் குழாய்க்கே போகும். மாதம் ஒருமுறை கழற்றிக் கொட்டப் பொறுமை இருந்தால் மட்டும் வாங்குங்கள்.