மணிமுத்தாறு அணையில் சீபிளேன் இறங்குவது எந்த அளவுக்குப் பாதுகாப்பு?

2024 நவம்பரில் விஜயவாடாவிலும் மூணாறு பக்கம் மாட்டுப்பட்டி அணையிலும் சீபிளேன் இறங்கியதைப் பார்த்துவிட்டு, வாகைக்குளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையத்தில் ஏறி மணிமுத்தாறில் இறங்க முடியுமா, பயமில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குச் சொந்த ஊர் மணிமுத்தாறு பக்கம் அம்பை (அம்பாசமுத்திரம்). வேலை மாலத்தீவில், மிதவை விமானப் பராமரிப்பு, அதாவது அடியில் மிதவை மாட்டித் தண்ணீரில் இறங்கும் சீபிளேன்கள்.

எல்லாரும் அலைக்கும் ஆழத்துக்கும் பயப்படுகிறார்கள். எனக்குப் பயம் சக்கரத்தில்தான். நான் கையாளும் விமானங்களுக்குச் சக்கரமே கிடையாது, அதனால் அந்தத் தலைவலியும் இல்லை. நீங்கள் கேட்கும் ரகத்தில் மிதவை, சக்கரம் இரண்டும் உண்டு. சக்கரத்தை இறக்காமல் ஓடுபாதையில் இறங்கிவிட்டால் மிதவையின் அடி தேயும், செலவு இழுக்கும். ஆட்கள் பெரும்பாலும் நடந்தே வெளியே வந்துவிடுவார்கள். சக்கரத்தை மடக்காமல் தண்ணீரில் இறங்கினால் அது தண்ணீரில் மாட்டி, மூக்கு குத்தி, கண்மூடித் திறப்பதற்குள் விமானம் மல்லாந்துவிடும்.

சக்கரத்தை மடக்க மறப்பதற்கு இந்த மாதிரிக் குறுகிய தூரம்தான் வாகு. ஓடுபாதையில் கிளம்பியதும் சக்கரத்தை மடக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ரேடியோவில் யாராவது கூப்பிட்டு, அது விட்டுப்போனால், அரை மணிக்குள் அணை வந்துவிடும். மற்ற விமானங்களில் சக்கரம் இறக்காமல் இறங்கப் போனால் ஹாரன் அலறும். இங்கே தண்ணீருக்குச் சக்கரம் மேலே இருப்பதுதான் சரி. எதில் இறங்கப் போகிறோம் என்று மெஷினுக்கு எப்படித் தெரியும்? அதனால் பல விமானங்களில், வேகம் குறைந்ததும் சக்கரம் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு குரல் சொல்லும்; விமானி பட்டனை அமுக்கும்வரை விடாது. நீல விளக்கு என்றால் மேலே, பச்சை என்றால் கீழே. முன்சக்கரம் தெரியக் கண்ணாடி வைப்பதும் உண்டு. இத்தனை இருந்தும், "இது தண்ணீர், சக்கரம் மேலே" என்று வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்கும் விமானியைத்தான் நான் நம்புவேன்.

அப்புறம் அணையின் குணம். காற்று எழும்பாத காலையில் மாஞ்சோலை மலை அப்படியே தண்ணீரில் தலைகீழாகத் தெரியும். போட்டோவுக்கு அருமை. விமானிக்கோ தண்ணீர் பத்தடி கீழே இருக்கிறதா, ஐம்பதடியா என்றே பிடிபடாது. கரையை ஒட்டிப் பறந்து, மூக்கை லேசாகத் தூக்கி வைத்து, என்ஜின் சக்தியை முழுக்கக் குறைக்காமல் நிமிடத்துக்கு 150 அடி போலத் தானாகத் தண்ணீர் தொடும்வரை இறக்குவார்கள். அதற்கு நீளமான நீர்ப்பரப்பு வேண்டும். ஆடிக் காற்றில் சங்கடம் வேறு விதம்: மலையிலிருந்து வீச்சு வீச்சாக வரும், அலையும் எழும்பும். லேசான சிற்றலை உள்ள நேரம்தான் உத்தமம். 118 அடி நிரம்பியிருக்கும்போது பார்த்த அணை கோடையில் அப்படி இருக்காது. பாறையும் மரக்கட்டையும் தலைகாட்டும். இறங்குமுன் படகில் போய்ப் பார்த்தே ஆக வேண்டும்.

சரி, கவிழ்ந்துவிட்டால்? அடிபட்டுச் சாவதைவிட வெளியே வர முடியாமல் மூழ்குவதுதான் அதிகம். லைஃப் ஜாக்கெட்டை உள்ளே இருக்கும்போது ஊதவே கூடாது. அது உங்களைத் தூக்கிக் கவிழ்ந்த தரையோடு அமுக்கிவிடும். ஒரு கையால் எதையாவது பிடித்துக்கொண்டு, கதவைத் திறந்து, அதற்குப் பிறகே பெல்ட்டைக் கழற்ற வேண்டும். ஏறி உட்கார்ந்ததும் கதவின் கைப்பிடி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.