லிப்போசோம் மருந்துகள்: கேள்வி பதில்

கேள்வி: லிப்போசோமுக்குள் மருந்தை எப்படி அடைக்கிறார்கள்?

பதில்: லிப்போசோம் என்பது பாஸ்போலிப்பிட் என்னும் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆன நுண்குமிழ். அம்மூலக்கூறுகளுக்கு நீரை நாடும் தலையும் நீரை விலக்கும் வாலும் உண்டு. நீரில் இட்டதும் அவை வால்களை உள்ளே மறைத்து, ஈரடுக்குச் சவ்வு கொண்ட நுண்குமிழ்களாக மூடிக்கொள்வதை, 1960-களில் இங்கிலாந்தில் அலெக் பாங்கம் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டார். கொழுப்பில் கரையும் மருந்து சவ்விலும், நீரில் கரைவது குமிழின் உட்புறத்திலும் தங்கும்.

டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தைக் குமிழுக்குள் ஏற்றும் முறை எனக்கு இன்றும் வியப்பூட்டுவது. குமிழுக்குள் மட்டும் அம்மோனியம் சல்பேட் கரைசல் இருக்கும். அதிலிருந்து அம்மோனியா கசிந்து வெளியேற, ஹைட்ரஜன் அயனிகள் உள்ளேயே தங்கிவிடுகின்றன. மின்னூட்டமின்றிச் சவ்வைக் கடந்து வரும் மருந்து, அந்த அயனியை ஏற்றதும் திரும்பிச் செல்ல வழியின்றி, சல்பேட்டுடன் சேர்ந்து ஊசி போன்ற படிகமாகிவிடுகிறது.

கேள்வி: அது நேராகப் புற்றுக்கட்டிக்குச் சென்றுவிடுமா?

பதில்: அப்படி எதிர்பார்க்க வேண்டாம். கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கணுக்கள் குமிழ்களைப் பிடித்துவிடும். பாலிஎத்திலீன் கிளைகால் பூச்சு அதைத் தாமதப்படுத்துமே தவிர, முற்றிலும் தடுக்காது. கட்டியின் இரத்தநாளங்களில் உள்ள இடைவெளிகள் வழியே குமிழ்கள் கசிவது உண்மைதான்; ஆனால் அது கட்டிக்குக் கட்டி, நோயாளிக்கு நோயாளி வேறுபடும். இதயத்துக்கு நேரும் பாதிப்பு குறைவதையே நான் உறுதியான நன்மையாகக் கருதுகிறேன், ஏனெனில் சுமார் 100 நானோமீட்டர் அளவுள்ள குமிழால் இதயத்தின் நெருக்கமான நாளச்சுவரை எளிதில் கடக்க இயலாது. மாறாக, உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து வலிக்கக்கூடும். அதைப் பொறுத்துக்கொண்டிராமல் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.

கேள்வி: எம்ஆர்என்ஏ தடுப்பூசியில் இருப்பதும் இதுதானா?

பதில்: நெருங்கிய உறவு, ஆனால் இதுவன்று. அது லிப்பிட் நானோதுகள். நீர் நிறைந்த உட்புறம் அதற்கு இல்லை.

கேள்வி: உறையவைத்துச் சேமிக்கலாமா?

பதில்: திரவ வடிவில் வரும் மருந்தை உறையவிடக் கூடாது. பனிப்படிகங்கள் சவ்வைக் கிழித்து மருந்தைக் கசியவிடும்.

கேள்வி: பூஞ்சைத் தொற்றுக்கான மருந்தான ஆம்போடெரிசின்-பி-யின் சாதாரண வகைக்கும் லிப்போசோம் வகைக்கும் அளவு ஒன்றுதானா?

பதில்: இல்லவே இல்லை. லிப்போசோம் வகை பொதுவாக உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 3 முதல் 5 மில்லிகிராம் தரப்படுகிறது. சாதாரண வகை அதே கணக்கில் 1.5 மில்லிகிராமைத் தாண்டவே கூடாது. பெயரின் முற்பகுதியைக் கவனியாமல் இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் இதயம் நின்று உயிரே போகலாம். ஆகவே மருந்துச்சீட்டிலும் குப்பியிலும் முழுப்பெயரையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே ஏற்ற வேண்டும். லிப்போசோம் வகையை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்க வேண்டும்; சலைனில் கலந்தால் வீழ்படிவு உண்டாகலாம்.