மனையும் பூங்காவும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கென விடப்பட்ட இடம் முள்ளும் குப்பையுமாகக் கிடக்கிறது. இப்போது அதையும் வீட்டுமனைகளாக்கப் போவதாகப் பேச்சு. வீடில்லாதவர்கள் இத்தனை பேர் இருக்கும்போது பூங்காவுக்காகச் சண்டை போடுவது நியாயமா என்று என் கணவரே கேட்கிறார்.
(வாசகி, தாம்பரம்)

பதில்: உங்கள் கணவரின் கேள்வி தள்ளிவிடக்கூடியதன்று. ஆனால் அந்த இடம் மனைகளானால் வீடில்லாதவர்களுக்குப் போகாது, விலை கொடுக்க முடிந்தவர்களுக்கே போகும் என்பதை அவரிடம் சொல்லுங்கள்.

2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரிப்பவர், சாலைகள் நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக விட்டு, தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைத்தே ஆக வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையிலான நிலமானால், அந்த 10 விழுக்காட்டு இடத்துக்குப் பதிலாக, அதற்கு அரசு குறித்துள்ள விலையான வழிகாட்டி மதிப்பைக் கட்டிவிடவும் வழியுண்டு. இந்த விதியில் ஓட்டை எங்கே என்று கேட்டால் இந்த இடைப்பகுதியைத்தான் காட்டுவேன். சிறு சிறு துண்டுகளாக நிலம் விற்கப்படும் புறநகரில் பணம் அரசுக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது, பிள்ளைகளோ தெருவிலேயே விளையாடுகிறார்கள்.

முதலில், அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகலையும் தானப்பத்திரத்தின் நகலையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்குங்கள். பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கியிருந்த இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்து அப்பகுதி மக்கள் தொடுத்த வழக்கில், அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் தீர்ப்பளித்தது. மருத்துவமனைக்கே கிடைக்காத சலுகை மனை வியாபாரத்துக்குக் கிடைத்துவிடாது.

கேள்வி: எங்கள் பூர்வீக ஓட்டு வீடு தொல்லியல் சின்னம் ஒன்றிலிருந்து 80 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. இடித்து மாடி வீடு கட்ட அனுமதியில்லை என்கிறார்கள். கல்லுக்குள்ள மதிப்பு மனிதனுக்கு இல்லையா?
(வாசகர், மாமல்லபுரம்)

பதில்: மத்திய அரசால் பாதுகாக்கப்படும் சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர், அனுமதி பெற்றே கட்டக்கூடிய பகுதி. தொல்லியல் சின்னங்களைக் காக்கும் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010-இல் செய்யப்பட்ட திருத்தம் இதை உறுதியாக்கியது. தூரம் சிற்பத்திலிருந்து அன்று, பாதுகாக்கப்பட்ட நிலத்தின் எல்லையிலிருந்தே அளக்கப்படும் என்பதால், நீங்கள் சொல்லும் 80 மீட்டர் எங்கிருந்து அளந்தது என்பதை முதலில் பாருங்கள். தடைப்பகுதிக்குள் புதிதாகக் கட்ட முடியாது என்றாலும், இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் உரிய அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம்.

இந்த இடைவெளி வெறும் அழகுக்காக வைத்ததன்று. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர்தான், பக்கத்திலுள்ள சாளுவன்குப்பத்தில் மணலுக்கடியில் புதைந்திருந்த செங்கல் முருகன் கோயில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. அதன் மேல் அடுக்குமாடி எழுந்திருந்தால் அப்படியொரு கோயில் இருந்ததே நமக்குத் தெரிந்திராது. ஆயினும் உங்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. வயல்வெளியில் தனித்து நிற்கும் சின்னத்துக்கும், ஊருக்கு நடுவே நெருக்கமாகச் சின்னங்கள் நிறைந்த மாமல்லபுரத்துக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனியே துணைவிதிகள் வகுக்க அந்தத் திருத்தமே வழிசெய்கிறது. உங்கள் ஊர் கேட்க வேண்டியது விதிவிலக்கை அன்று, அந்தத் துணைவிதிகளை.

கேள்வி: ஏரியைத் தூர்த்துத்தானே தியாகராய நகரே உருவானது? அன்று சரியாக இருந்தது இன்று மட்டும் எப்படித் தவறாகும்?
(வாசகர், மடிப்பாக்கம்)

பதில்: அன்றும் முழுக்கச் சரியன்று. 1920-களில் மாம்பலத்தின் நீண்ட ஏரியை எடுத்துக்கொண்டவர்கள், நடுவில் பனகல் பூங்காவை வைத்துச் சாலைகளை அதைச் சுற்றி வகுத்தார்கள். மனை போடுவதற்கு முன்பே பூங்காவுக்கு இடம் குறித்த அந்த ஒழுங்கு பாராட்டத்தக்கது. ஏரியின் எஞ்சிய பகுதியும் பிறகு போயிற்று. 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டமும் ஏரி இருந்த இடத்தில்தான் நிற்கிறது. தண்ணீர் மட்டும் பழைய இடத்தை மறக்கவில்லை என்பதை 2021 மழையில் தியாகராய நகர்த் தெருக்களில் நின்றவர்கள் அறிவார்கள்.

உங்களுக்கு அருகிலுள்ள பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல் ராம்சர் தளமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. இன்று உயர்மாடிக் கட்டடங்களுக்கு மனையின் பரப்பைப் போல் 3.25 மடங்கு வரை தளப்பரப்பு அனுமதிக்கப்படும்போது, வீடு வேண்டும் என்பதற்காக நீர்நிலையில் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஏரிக்குள் மண்ணைக் கொட்டிக் கரையை அகலமாக்கி நடைபாதை போட்டுவிட்டு, ஏரியைக் காப்பாற்றிவிட்டதாகப் பலகை வைக்கிறார்கள். அடுத்த முறை அங்கே நடக்கப் போகும்போது, பழைய கரை எங்கே இருந்தது என்று ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள்.