சமையல் குறிப்புத் தளத்தைப் பார்வையற்றவர்களும் படிக்கும்படி வைக்க என்ன செய்யணும்? பழைய குறிப்புகள் டிடிபி சென்டரில் அடித்த பிடிஎஃப்பாக இருக்கின்றன. நிறைய செலவாகுமா? சட்டம் கட்டாயப்படுத்துகிறதா?

செலவு பெரிதாக ஒன்றும் ஆகாது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கல்லூரி இரண்டாம் வருஷத்தில் பார்வை போனது. 14 வருஷமாகக் கம்ப்யூட்டரையும் போனையும் காதால்தான் ஓட்டுகிறேன், சமையலும் நானேதான், அதனால் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கம்ப்யூட்டரில் என்விடிஏ, ஆண்ட்ராய்ட் போனில் டாக்பேக் வைத்திருக்கிறேன். இரண்டும் ஸ்கிரீன் ரீடர். என்விடிஏ இலவசம், ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்றவர் 2006இல் ஆரம்பித்தது. திரையில் இருக்கும் எழுத்தை எடுத்து வாசிக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. தமிழ்த் தளங்களில் பாதித் தொல்லை எங்கே வருகிறதென்றால், பார்க்க எழுத்து மாதிரி இருக்கும், உள்ளே எழுத்தே இருக்காது.

பழைய குறிப்புகளை டிடிபி சென்டரில் கொடுத்து அடித்து பிடிஎஃப்பாகப் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் கவனியுங்கள். அது பாமினி மாதிரி பழைய ஃபான்ட் என்றால், தமிழ் உருவத்துக்கு அடியில் இருப்பது இங்கிலீஷ் எழுத்து. 'தமிழ்' என்ற சொல் பாமினியில் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு செமிகோலன். நீங்கள் படிப்பது தமிழ், எனக்குக் கேட்பது ஏதோ காய்ச்சல்காரன் புலம்பல். தமிழ் எழுத்துக்கே தனிக் குறியீடு தரும் யூனிகோடை 2010இலேயே தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்தாகிவிட்டது, இன்னமும் இந்த ஃபான்ட்கள் போகிற மாதிரி இல்லை. மாற்றித் தரும் இலவசக் கன்வெர்ட்டர்கள் நிறைய இருக்கின்றன, யூனிகோடுக்கு மாற்றித் தளத்தின் பக்கத்திலேயே எழுத்தாகப் போட்டுவிடுங்கள்.

ஸ்கேன் செய்து போட்டது இன்னும் மோசம், அது வெறும் படம். ஒரு தடவை வேலைக்கு விண்ணப்பிக்க ஒரு அறிவிப்பு வந்தது, எந்த அலுவலகம் என்பது வேண்டாம், தாளைக் கோணலாக ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தார்கள். கூகுள் டிரைவில் போட்டு எழுத்தாக மாற்றிப் படித்தேன், கடைசித் தேதி 18 என்று வாசித்தது. சரி, நிதானமாக அனுப்பலாம் என்று இருந்துவிட்டேன். 15ஆம் தேதி தங்கையிடம் வீடியோ காலில் எதற்கும் ஒரு தடவை காட்டினால், "அண்ணா, இது 18 இல்ல, 13" என்கிறாள். மேலே ரப்பர் ஸ்டாம்ப் மை பட்டிருந்ததாம். அவளுக்கு ஒரு நொடி வேலை, எனக்கு ஒரு விண்ணப்பம் போச்சு.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். எ-வுக்குப் பதில் தமிழ் எண் ஏழை அடிக்கிறவர்கள் ஏராளம். 'என்ன', '௭ன்ன' இரண்டும் உங்களுக்கு ஒன்றாகத்தான் தெரியும், என் ரீடர் இரண்டாவதை ஏழு என்றே வாசிக்கும். துணைக்கால் போடுகிற இடத்தில் ர விழுவதும் அப்படித்தான். 'காரம்' என்பது 'கரரம்' என்று கேட்டதும் ஒரு கணம் புது மசாலாவோ என்று யோசித்திருக்கிறேன்.

இப்போது படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஆல்ட் டெக்ஸ்ட் என்று ஒரு கட்டம் இருக்கும், எல்லோரும் காலியாக விட்டுவிடுவார்கள். அப்படி விட்டுப் பக்கத்தின் கோடில் ஆல்ட்டே இல்லாமல் போனால் ஃபைல் பெயரை வாசித்தாலும் வாசிக்கும், "ஐஎம்ஜி அண்டர்ஸ்கோர் 2043" என்று. அங்கே 'குழம்பு படம்' என்று எழுதினாலும் எனக்கு உபயோகமில்லை. 'வற்றக்குழம்பு கெட்டியாகி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கிறது' என்று எழுதுங்கள், பதம் தெரிந்துவிடும். அலங்காரத்துக்கு வைத்த வாழையிலைப் படம் என்றால் கோடில் ஆல்ட்டை வைத்து, உள்ளே மட்டும் வேண்டுமென்றே வெற்றாக (alt="") விடலாம், ரீடர் தாண்டிப் போய்விடும். பொருட்களின் அளவை மட்டும் அழகான கார்டாக டிசைன் செய்து படமாகப் போடாதீர்கள், தயவுசெய்து. செய்முறை முழுக்கக் கேட்டுவிட்டு, புளி எவ்வளவு என்று தெரியாமல் நிற்பேன்.

வீடியோவிலும் இதே கதை. "இதை இந்த அளவு போட்டுக்கோங்க" என்று ஸ்பூனைக் காட்டுவார்கள். 'இதை' எதை? வாயால் ஒரு ஸ்பூன் மல்லித்தூள் என்றால் முடிந்தது. பேச்சே இல்லாமல் பாட்டை ஓடவிட்டு எழுத்து மட்டும் வரும் வீடியோ எனக்கு வெறும் பாட்டு. காது கேளாதவர்களுக்கு நேர்மாறு, அவர்களுக்கு சப்டைட்டில் வேண்டும், தானாக வருவதை ஒரு முறை சரிபார்த்துத்தான் விட வேண்டும்.

தளத்தை அமைத்தவரிடம் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. பக்கத்தின் மொழி தமிழ் என்று குறிக்கச் சொல்லுங்கள், டெம்ப்ளேட்டில் இங்கிலீஷ் என்றே கிடக்கும், அப்புறம் இங்கிலீஷ் குரல் தமிழை ஒன்றும் பேசாமல் தாண்டிவிடவும் கூடும். தலைப்புகளை வெறுமே தடிமனாக்காமல் ஹெட்டிங்காகவே போடச் சொல்லுங்கள், நான் ஹெச் கீயை அழுத்தி அழுத்தித் தலைப்பு தலைப்பாகத் தாவி 'செய்முறை'க்கு வந்துவிடுவேன், இல்லையென்றால் உங்கள் பாட்டி வீட்டு நினைவுகள் முழுவதையும் கேட்டாக வேண்டும். மங்கலான பார்வை உள்ளவர்களுக்கு வெளிர் சாம்பல் எழுத்து ஆகாது, எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 என்ற அளவிலாவது வேறுபாடு வேண்டும் என்கிறது டபிள்யூசிஏஜி, அதாவது இணையதளங்களை எல்லோரும் அணுகும்படி அமைப்பதற்கான சர்வதேச வழிகாட்டி.

சட்டம் கட்டாயப்படுத்துகிறதா என்றும் கேட்டிருந்தீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. 2025 ஏப்ரல் 30 அன்று சுப்ரீம் கோர்ட் டிஜிட்டல் வசதிகளை அணுகுவதும் அரசியலமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையில் சேரும் என்று தீர்ப்பளித்தது. அடையாளம் சரிபார்க்கும் கேஒய்சிக்குக் கேமரா முன்னால் கண் சிமிட்டு என்று கேட்டால், ஆசிட் வீச்சில் கண்ணிமை போனவர்கள் என்ன செய்வார்கள் என்பதிலிருந்து வந்த வழக்கு அது. உங்கள் ரசப்பொடிக்காக யாரும் கோர்ட் படியேறப் போவதில்லை, பயப்பட வேண்டாம்.

எல்லாம் செய்து முடித்ததும் உங்கள் போனில் டாக்பேக்கை ஆன் செய்து, கண்ணை மூடிக்கொண்டு உங்கள் தளத்திலேயே ஒரு குறிப்பைத் தேடிப் பாருங்கள். ஒருமுறை தட்டினால் வாசிக்கும், இரண்டு முறை தட்டினால்தான் திறக்கும். ஆனால் ஆன் செய்வதற்கு முன்னால் ஆஃப் செய்வது எப்படி என்று படித்துக்கொள்ளுங்கள், என் நண்பன் ஒருவன் ஆன் செய்துவிட்டு நிறுத்தத் தெரியாமல் ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு போன் போட்டான், பக்கத்து வீட்டு லேண்ட்லைனிலிருந்து.