ஈசிசி ராமுக்கு இரட்டிப்பு விலையா? முதலில் சிப்பை எண்ணிப் பாருங்கள்

கேள்வி: எட்டுப் பேர் வேலை செய்யும் சிறிய ஆடிட்டர் அலுவலகம் எங்களுடையது. கணக்குக் கோப்புகளைச் சேமிக்க ஒரு சர்வரும், கூடவே எட்டு கணினிகளும் வாங்கப் போகிறோம். எல்லாவற்றிலும் பிழை திருத்தும் ஈசிசி ராம் இருந்தாக வேண்டும் என்று சொல்லி விற்பனையாளர் கொட்டேஷனை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிவிட்டார். சாதாரண ராம் போட்டுவிட்டு, பிழை திருத்துவதை ஏதாவது சாஃப்ட்வேரிடம் விட முடியாதா?

பதில்: முதல் வேலையாக அந்த எட்டு கணினிகளுக்கான ஈசிசியை அடித்துவிடுங்கள். கோப்புகள் சர்வரில்தான் நிரந்தரமாக இருக்கப் போகின்றன, சர்வருக்கு மட்டும் போதும். பாதிச் சுமை இங்கேயே இறங்கிவிடும்.

சாஃப்ட்வேர் விஷயம் நடக்காது. வட்டில் (டிஸ்கில்) கெட்டுப்போனதைக் கண்டுபிடிக்கும் கோப்பு முறைகள் (ஃபைல் சிஸ்டம்) உண்டு, நல்லவைதான். ஆனால் ராமில் இருக்கும்போதே ஒரு பிட் (0 அல்லது 1) மாறிவிட்டால், அவை மாறிய எண்ணுக்கே சரிபார்ப்பு எண் போட்டு, பத்திரமாக வட்டில் எழுதி வைத்துவிடும். இது அபூர்வம் என்றும் நினைக்க வேண்டாம். கூகுள் தன் சர்வர்களை வைத்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஓர் ஆண்டில் 8 சதவீதத்துக்கும் மேலான ராம் ஸ்டிக்குகளில் பிழை வந்திருந்தது.

சரி, செலவு. டிடிஆர்4 என்ற ராம் தலைமுறையில், சாதாரண ஸ்டிக்கில் 8 சிப் என்றால் ஈசிசி ஸ்டிக்கில் 9. அவ்வளவுதான் வித்தியாசம், எட்டில் ஒரு பங்கு. பெல் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஹாமிங் 1950-இல் வெளியிட்ட கணக்கிலிருந்து வந்தது இது: 8 பிட்டைத் தனியாகக் காப்பாற்ற, பிழையைப் பிடிக்கும் 5 காவல் பிட் வேண்டும், 64 பிட்டைச் சேர்த்துக் கட்டினால் 8 காவல் பிட் போதும். மூட்டை பெரிதானால் காவல் செலவு குறையும். அடுத்த தலைமுறையான டிடிஆர்5-இல் மூட்டையை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள், 32 பிட் வீதம், ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் தனியாக 8 காவல் பிட். எட்டில் ஒன்றாக இருந்தது நான்கில் ஒன்றாகிவிட்டது. கோப்பு சேமிக்கும் சர்வருக்கு டிடிஆர்4 தாராளம்.

அப்படியானால் இரட்டிப்பு விலை எங்கிருந்து வருகிறது? 'சர்வர்' என்ற ஸ்டிக்கரிலிருந்து. மேசைக்கணினிக்கான தன் பிராசசர் வகைகள் பலவற்றில் இன்டெல் பல ஆண்டுகளாக ஈசிசி வசதியைத் தராமல், வேண்டுமென்றால் சர்வருக்கான ஜியான் பிராசசரை வாங்கு என்று வைத்திருந்தது. 2021-இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே இதற்காக இன்டெல்லை வெளிப்படையாகத் திட்டினார். ஒரு சிப்புக்கான காசைக் கொடுக்க நீங்கள் தயார், கொடுக்கத்தான் வழி இல்லை! 12-ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல்லின் பல 'கோர்' பிராசசர்களில் ஈசிசி கிடைக்கிறது, ஆனால் அதற்கு டபிள்யூ680 போன்ற தனி வகை மதர்போர்டு வேண்டும், அதன் விலையைக் கேட்டால் மறுபடி பழைய இடத்துக்கே வந்துவிடுவீர்கள்.

இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ரைசன் பிராசசர் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு, ஆனால் ஒரு குழி இருக்கிறது. ரைசன் 5600 ஈசிசியை ஏற்கும், மதர்போர்டும் ஏற்றால். 5600ஜி ஏற்காது. பெயரில் 'ஜி' வந்தால் உள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கிறது என்று பொருள், கார்டு செலவு மிச்சம் என்று விற்பனையாளர் அதைத்தான் தள்ளுவார், நீங்களும் சந்தோஷமாக வாங்குவீர்கள், ஈசிசி போய்விடும். 'புரோ' என்று சேர்ந்து வரும் 5650ஜி மட்டும் ஏற்கும், ஆனால் அது சில்லறைக் கடையில் லேசில் கிடைக்காது. 'ஜி' இல்லையே என்று 5500-ஐயும் எடுத்துவிடாதீர்கள், அது ஜி வகைச் சிப்பில் கிராஃபிக்ஸை அணைத்து விற்பதுதான். ஆக 5600, அதோடு ஏதாவது ஒரு பழைய கிராஃபிக்ஸ் கார்டு. திரையில் எழுத்து தெரிந்தால் போதும்.

இதைவிட மலிவான வழி, பழைய வொர்க்ஸ்டேஷன். எச்பி இசட்440 மாதிரி ஒன்று வாங்கினால் சர்வர்களுக்கென்றே செய்யும் டிடிஆர்4 ஆர்டிம் வகை ஈசிசி ராம் போடலாம், டேட்டா சென்டர்கள் கழித்துப் போட்டவை கிடைக்கும். ஆனால் இதே ஆர்டிமைத்தான் சாதாரண மதர்போர்டுக்கும் தலையில் கட்டுவார்கள். ஸ்லாட்டில் அழகாக உட்காரும், கணினி எழுந்திருக்காது. லேபிளில் 2666வி போன்ற வேக எண்ணுக்குப் பின்னால், கோடு தாண்டி வரும் எழுத்தைப் பாருங்கள்: ஆங்கில 'ஈ' என்றால் ரைசனுக்கு ஆகும், 'ஆர்' என்றால் வொர்க்ஸ்டேஷனுக்கு, 'யு' என்றால் அதில் ஈசிசியே இல்லை.

இப்போது புதிதாக ஒரு வசனம் பேசுகிறார்கள், "சார், டிடிஆர்5 எல்லாத்துலயும் ஈசிசி உள்ளயே இருக்கு." பாதி உண்மை. அது சிப் தயாரிப்பவர் தன் சிப்புக்குள் தானே செய்துகொள்ளும் ஒட்டுவேலை. சிப்பிலிருந்து பிராசசருக்குப் போகும் வழியில் கெட்டால் அதற்குத் தெரியாது, திருத்தியதையும் உங்களிடம் சொல்லாது. இதற்குத் தனியாகக் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் ஈசிசி ராமுக்கு முழு விலை கொடுத்து மூன்று வருடம் ஓட்டியிருந்தார்கள். நான் போய்ப் பார்த்தால், மதர்போர்டு அந்த ஒன்பதாவது சிப்பைச் சட்டையே செய்யவில்லை, வெறும் ராமாகத்தான் ஓடியிருக்கிறது. எந்த எச்சரிக்கையும் வராது, யாருக்கும் தெரியாது. விற்றவரைக் கேட்டால், "போட்டது ஈசிசிதானே." பில்லில் ராம் பெயர் இருந்தது, அது வேலை செய்ய வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை, அப்புறம் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அதனால் கொட்டேஷனிலேயே "ஈசிசி இயங்குவதைக் காட்டிய பிறகே மீதிப் பணம்" என்று எழுதி வாங்குங்கள். மெம்டெஸ்ட்86 இலவசமாகக் கிடைக்கிறது, பென்டிரைவில் போட்டு இயக்கினால் ஈசிசி இயங்குகிறதா என்று திரையிலேயே காட்டும். சர்வரில் லினக்ஸ் போட்டால், இடாக் என்ற பகுதி திருத்திய பிழைகளை எண்ணிக்கொண்டே இருக்கும். மாதம் ஒரு முறை யாராவது அந்த எண்ணைப் பார்க்க வேண்டும். எப்போதோ ஒன்று வந்தால் விடுங்கள், ஒரே ஸ்டிக்கில் ஏறிக்கொண்டே போனால் வாரன்டி முடிவதற்குள் அதை மாற்றிவிடுங்கள்.