கடலடியில கிடக்கிற கல்லு யாருக்கு?

வணக்கம் சார்,
பேட்டரிக்கு வேணும்ங்கிற நிக்கலும் கோபால்ட்டும் பசிபிக் கடலுக்கு அடியில உருளைக்கிழங்கு சைஸ்ல கல்லு கல்லா கிடக்குதாமே? தோண்ட வேணாம், காட்டை அழிக்க வேணாம், யாருக்கும் சொந்தமில்லாத இடம் வேற. பொறுக்கிட்டு வந்தா என்ன சார் தப்பு?
ஒரு வாசகர்

நண்பரே,
யாருக்கும் சொந்தமில்லன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, சட்டம் அதுக்கு நேர் எதிரா சொல்லுது. 1982 ஐநா கடல் சட்ட ஒப்பந்தப்படி, எந்த நாட்டு எல்லைக்குள்ளயும் வராத கடலடியில இருக்கிற கனிமம் மனித குலத்தோட பொதுச் சொத்து. அதைப் பாத்துக்க ஜமைக்கால ஒரு ஆணையமே இருக்கு, ஆனா அவங்க இதுவரை ஆய்வுக்குத்தான் அனுமதி குடுத்திருக்காங்க. அமெரிக்கா அந்த ஒப்பந்தத்துல சேரவே இல்ல, 2025 ஏப்ரல்ல டிரம்ப் தங்களோட 1980 சட்டத்தை வச்சு நாங்களே லைசென்ஸ் குடுப்போம்னு உத்தரவு போட்டுட்டார். பொதுச் சொத்துக்கு ஒருத்தர் மட்டும் பட்டா போடுற கதைதான்.

சரி, பொறுக்குறதுன்னு சொல்றீங்களே, ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் நடுவுல 4000 மீட்டருக்கும் கீழ கிடக்குற கல்லு அது, 10 லட்சம் வருஷத்துக்கு சில மில்லிமீட்டர்தான் வளரும், சுத்தி முழுக்க சேறுங்கிறதால ஸ்பாஞ்ச், பவளம் மாதிரி உயிர்களுக்கு ஒட்டிக்க கெட்டியான இடம்னா அந்தக் கல்லுதான். மெஷின் போனா மேல் சேத்தையும் சேர்த்து வாரிடும், கலங்குன சேறு பக்கத்துல இருக்கிறது மேலயும் படியும். 1989ல பெரு பக்கம் ஜெர்மன் விஞ்ஞானிகள் சோதனைக்காக கடலடியை உழுதுட்டு வந்தாங்க, 2015ல போய் பாத்தா உழுத தடம் அப்படியே இருக்கு.

லாபக் கணக்கும் எனக்கு ஒட்டல. கல்லுல மாங்கனீஸ் 30 சதவீதம் கிட்ட, நிக்கல் 1.3, கோபால்ட் வெறும் 0.2. நிக்கலுக்காக எடுத்தாலும் எல்லாம் சேர்ந்தேதான் வரும், கோபால்ட் மார்க்கெட் சின்னது, கொஞ்சம் அதிகமா வந்து இறங்கினாலே விலை படுத்துடும். இதுக்கு நடுவுல நிக்கலும் கோபால்ட்டும் வேணாம்ங்கிற எல்எஃப்பி பேட்டரி வேற வந்தாச்சு (சீனாவுல விக்கிற மின்சார கார்ல பாதிக்கு மேல இப்ப அதான்). பப்புவா நியூ கினியா அரசாங்கம் நாட்டிலஸ்னு ஒரு கம்பெனியை நம்பி கடலடிச் சுரங்கத்துல பணம் போட்டுச்சு, 2019ல அந்தக் கம்பெனி வேலையே ஆரம்பிக்காம திவாலாயிடுச்சு.

நிலத்துல நிக்கலுக்காக காடு போகுதுங்கிறது நிஜம்தான், மறுக்கல. ஆனா கடல்ல எடுக்க ஆரம்பிச்சா நிலத்துல இத்தனை சுரங்கத்தை மூடிடுவோம்னு யாராவது எழுதிக் குடுத்திருக்காங்களா?